எலாஸ்டிக்கைக் கையால் தைக்க நான்கு வழிகள்: எந்தத் துணிக்கு எது?

பாவாடையின் துணி நன்றாகவே இருக்கும். சாயம் போயிருக்காது, ஓரம் கிழிந்திருக்காது. இடுப்பு மட்டும் தொளதொளவென்று தொங்கும். குழந்தை ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓடும். எலாஸ்டிக் வைத்த எந்த உடுப்புக்கும் கடைசியில் இந்தக் கதிதான். துணிக்கு முன்னால் எலாஸ்டிக் செத்துப்போகும். அதனால் சுருக்கம் வைக்க உட்காரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாளைக்கு இந்த எலாஸ்டிக் போனதும் இதை எப்படி வெளியே எடுக்கப் போகிறோம்? அழகும் வேகமும் அதற்குப் பிறகு.

காவிரிப் படுகையில் எலாஸ்டிக்குச் சோதனை கொஞ்சம் அதிகம். சித்திரை வெயிலில் கொடியில் நாள் முழுக்கக் கிடந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் இழை காய்ந்து வெடிக்கும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும், கைக்குழந்தைக்குத் தேய்த்துவிடும் தேங்காய் எண்ணெயும் ரப்பரை ஊற வைத்துத் தளர்த்தும். துவைக்கிற கல்லில் இடுப்புப் பக்கத்தைப் பிடித்து அடிப்பதும், இஸ்திரிப் பெட்டியைச் சுருக்கத்தின்மேல் அழுத்துவதும், வெள்ளைத் துணி என்று பிளீச்சிங் பவுடரில் ஊற வைப்பதும் மீதி வேலையைப் பார்த்துவிடும். பிறகு ஐப்பசி அடைமழை. திண்ணையிலும் கூடத்திலும் கொடி கட்டி இரண்டு நாள் காயப்போட்டாலும், மூன்று மடிப்பாக இருக்கிற இடுப்புப் பட்டி மட்டும் ஈரமாகவே இருந்து முடைநாற்றம் அடிக்கும். மடிப்பு குறைந்த முறை எது என்பதும் இங்கே ஒரு கணக்குதான்.

இதையெல்லாம் மிஷினில் அடித்துவிடலாமே என்று தோன்றலாம். பல வீடுகளில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடுகிற பழைய கால்மிதி மிஷின். எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்து நேர்த்தையல் அடித்தால், போட்டுக் கழற்றும்போது நூல் படக்கென்று அறும். வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல்தான் எலாஸ்டிக்கோடு சேர்ந்து நீளும். அந்த மிஷின் இல்லாத வீட்டில் அதைக் கையால் போடுவதே உறுதியானது.

எலாஸ்டிக் வாங்கும்போது

கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலோ தஞ்சாவூர் கீழவாசலிலோ தையல் சாமான் கடையில் "அரை இன்ச் எலாஸ்டிக்" என்று கேட்டால் எடுத்துத் தருவது ஒரே மாதிரிச் சரக்காக இருக்காது. பெயர் சொல்லிக் கேட்பதைவிடக் கையில் வாங்கி இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் அகலம் குறைந்து ஒல்லியானால் அது பின்னல் எலாஸ்டிக். நெடுக வரிவரியாக இருக்கும், விலையும் குறைவு. இழுத்தாலும் அகலம் அப்படியே நின்றால் அது தறியில் நெய்தது. மெத்தென்று, பனியன் துணிபோலக் கையில் பட்டால் அது நிட் வகை.

இந்த வேறுபாடு தையல் முறையையே தீர்மானிக்கும். பின்னல் எலாஸ்டிக்கை ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் ரப்பர் இழை அறுந்து, குத்திய இடமெல்லாம் நெகிழ்ந்து, மறுபடி பழைய நீளத்துக்கு வராது. அது பட்டிக்குள் கோர்க்க மட்டுமே உதவும். துணியோடு சேர்த்துத் தைப்பதானால் நெய்ததோ நிட்டோதான் வேண்டும்.

இரண்டு சின்னச் சோதனைகள். பத்து சென்டிமீட்டரை இருபதுக்கு இழுத்து, பத்து எண்ணிவிட்டு விடுங்கள். திரும்பவும் பத்துக்கு வந்தால் வாங்கலாம். பதினொன்றில் நின்றால் அது கடையிலேயே கிழடாகிவிட்ட சரக்கு. அடுத்தது அளவு. மீட்டர் கோலில் எலாஸ்டிக்கை விறைப்பாகப் பிடித்து அளந்தால் வீட்டுக்கு வந்ததும் அரைச் சாண் குறையும். "அண்ணே, இழுக்காம அளங்க" என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம். அட்டையில் சுற்றி வைத்திருப்பதும் இறுக்கமாகத்தான் இருக்கும். வாங்கி வந்ததைப் பிரித்து ஒரு ராத்திரி சும்மா போட்டுவிட்டு, அடுத்த நாள் அளந்து வெட்டுங்கள்.

வளையல், பாசி கோர்க்கிற கண்ணாடி மாதிரியான எலாஸ்டிக் கயிறு ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும். அது துணிக்கு ஆகாது. மெல்லிய துணியை அறுக்கும், இஸ்திரிச் சூட்டில் உருகும்.

நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூலுக்கு இழுவை தாங்கும் சக்தி குறைவு. கை ஊசியில் எட்டோ ஒன்பதோ எண் போதும். நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீளமாக எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும், ஆனால் சிக்கெடுப்பதிலேயே பொழுது போய்விடும்.

இனி எல்லாக் கணக்குக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: இடுப்பு 21 இன்ச் உள்ள ஒரு சிறுமிக்குப் பாவாடை. எலாஸ்டிக் இடுப்பைவிட 2 இன்ச் குறைவாக, 19. முனைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைக்க 1 இன்ச் சேர்த்து 20 இன்ச் வெட்ட வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டிலிருந்து மூன்று இன்ச் குறைக்கலாம். அரை இன்ச் அகல எலாஸ்டிக் என்றே வைத்துக்கொள்வோம்.

பட்டி மடித்துக் கோர்ப்பது

எல்லோருக்கும் தெரிந்த வழி. மேல் ஓரத்தில் 1 இன்ச் துணி விட வேண்டும். அதில் கால் இன்ச் உள்மடிப்புக்கு. மீதி முக்கால் இன்ச் பட்டிக்கு. கீழ் விளிம்பில் தையல் ஓடியதும் உள்ளே எலாஸ்டிக்கைவிட ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு பங்கு இன்ச், கூடுதல் இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் இடம் விட்டால் எலாஸ்டிக் உள்ளே புரண்டு கயிறாகிவிடும். குறைத்தால் துணி நகராது, சுருக்கம் ஒரு பக்கமே குவியும்.

கீழ் விளிம்பை ஹெம்மிங் போட்டு முடிப்பது இங்கே நிறையப் பேர் செய்யும் தவறு. ஹெம்மிங் தொங்கும் ஓரத்துக்கானது, இழுபடும் ஓரத்தில் அது பிரிந்துவிடும். இன்சுக்கு எட்டு வீதம் பின் தையல் போடுங்கள், அதாவது ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்க் குத்தி எடுப்பது. பின்பக்கம் துணி இணையும் மூட்டுக்கு அருகில் ஒன்றரை இன்ச் வாய் விட்டு நிறுத்துங்கள்.

எலாஸ்டிக்கின் முனையில் ஊக்கைக் குத்தி அந்த வாய் வழியாகக் கோர்க்கும்போது, ஊக்கு நடுவழியில் முட்டி நிற்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: பக்க மூட்டு. மூட்டில் மிச்சமிருக்கும் துணி உள்ளே எழுந்து நிற்பதால் ஊக்கு அதற்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். பட்டி மடிப்பதற்கு முன்பே மேலே இரண்டு இன்ச் தூரத்துக்கு அந்த மூட்டுத் துணியை இருபுறமும் விரித்துப் படுக்க வைத்து நாலு தையல் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எலாஸ்டிக்கின் வால் முனையைத் துணியில் ஒரு குண்டூசியால் நிறுத்தி வைக்க மறந்தால், அதுவும் உள்ளே போய்விடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

முனைகளை அந்த ஒரு இன்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, கட்டமாகச் சுற்றித் தையுங்கள். பிறகு வாயைத் தைத்து மூடி, சுருக்கத்தைச் சமமாகத் தள்ளிவிட்டு, இரண்டு பக்கம், முன் நடு, பின் நடு என நான்கு இடத்தில் பட்டியின் குறுக்கே மேலிருந்து கீழாகச் சின்னதாக ஒரு பின் தையல். எலாஸ்டிக் புரளாமல் இருப்பதற்கு இதைவிடச் சுலபமான மருந்து கிடையாது. பின்னல் எலாஸ்டிக்காக இருந்தாலும் நான்கு குத்தில் ஒன்றும் ஆகாது.

இந்த முறையின் பெரிய பலம் துணி எவ்வளவு வேண்டுமானாலும் சுருங்கும் என்பது. பாப்ளின் என்றால் இடுப்பைப்போல் இரண்டு மடங்கு, 42 இன்ச். மல் துணியோ பழைய நூல் புடவையோ என்றால் மூன்று மடங்குகூடத் தாங்கும். எலாஸ்டிக்கை அந்த நீளத்துக்கு இழுக்கவே வேண்டாம், துணிதான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். குறை, முன்னே சொன்ன மழைக்கால ஈரம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புத் தண்ணீரில் துவைப்பவர்களுக்கு இன்னொன்று: பட்டிக்குள் போன சோப்பு லேசில் அலசிப் போகாது.

இழுத்துப் பிடித்து நேராகத் தைப்பது

பட்டியே இல்லாமல், துணியின் உள்பக்கம் எலாஸ்டிக்கை இழுத்து வைத்துச் சேர்த்துத் தைப்பது. ஒரே மடிப்பு, இடுப்பில் தடிப்பாகத் தெரியாது, சீக்கிரம் காயும். தைத்து முடித்த உடுப்பில் பிற்பாடு சுருக்கம் வைக்கவும் வசதி. ஆனால் நான்கு முறைகளில் அதிகம் கெடுவதும் இதுதான், ஏனென்றால் கணக்குத் தப்பினால் பாதியில் திருத்த முடியாது.

முதல் கணக்கு, எலாஸ்டிக் எவ்வளவு நீளும் என்பது. சாதாரண எலாஸ்டிக் தன்னைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும், அதற்கு மேல் இழுத்தால் திரும்பாது. நம் உதாரணத்தில் 19 இன்ச் எலாஸ்டிக்கை 42 இன்ச் துணிக்கு இழுக்க முடியாது. துணியை 36 இன்சுக்குக் குறைக்க வேண்டும். துணி அகலமாகத்தான் இருக்க வேண்டும் என்றால், முதலில் ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போகும் ஓட்டுத் தையல் போட்டு 36 இன்சுக்குச் சுருக்கிக்கொண்டு, அதன்மேல் எலாஸ்டிக்கை இழுத்துத் தைத்து, ஓட்டு நூலை உருவிவிடலாம்.

இங்கே ஒரு குறுக்கு வழி பலருக்கும் தோன்றும்: ஓட்டு நூலில் துணியை 19 இன்சுக்கே சுருக்கிவிட்டு, எலாஸ்டிக்கை இழுக்காமலே அதன்மேல் வைத்துத் தைத்துவிடலாமே என்று. பார்க்க அழகாக இருக்கும். போட்டுப் பார்த்தால் இடுப்புக்குள் நுழையாது. நூல் 19 இன்சில் நின்றுவிட்டது, எலாஸ்டிக் நீள இடமே இல்லை. பலமாக இழுத்தால் நூல் அறும்.

இரண்டாவது, பங்கு பிரிப்பது. துணியையும் எலாஸ்டிக்கையும் தனித்தனியே எட்டாக மடித்துச் சாக்பீஸால் குறி வையுங்கள். துணியில் ஒரு பங்கு நாலரை இன்ச், எலாஸ்டிக்கில் இரண்டே காலுக்கும் இரண்டரைக்கும் நடுவில், சரியாகச் சொன்னால் 2 இன்சும் மூன்று நூலும். குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். நான்கு பங்கு போதும் என்று சில இடத்தில் சொல்லித் தருவார்கள். மிஷினுக்கு அது சரி. கையால் தைக்கும்போது ஒன்பது இன்ச் தூரத்தைச் சீராக இழுத்துப் பிடிப்பது கஷ்டம்.

பிடிப்பதற்கு இரண்டு கை போதாது, அதுதான் இந்த வேலையின் சிக்கலே. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிடலாம். அல்லது தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முடித்த பக்கத்தைக் கால் கட்டைவிரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு, இடது கையால் அடுத்த குறியை இழுத்தால் வலது கை தையலுக்குக் கிடைக்கும். இழுத்ததும் எலாஸ்டிக்குக் கீழே துணி சுருக்கமே இல்லாமல் மட்டமாகப் படிய வேண்டும். படியவில்லை என்றால் இழுவை போதவில்லை.

தையல் மேலும் கீழுமாக வளைந்து போகட்டும். மேல் விளிம்பில் எலாஸ்டிக்கின் ஓர இழையையும் துணியில் இரண்டு இழையையும் சேர்த்து ஒரு குத்து, கால் இன்ச் தள்ளிக் கீழ் விளிம்பில் ஒரு குத்து. ஊசி எலாஸ்டிக்கின் நடுவில் போகவே கூடாது. ஒவ்வொரு குறியிலும் இரண்டு பின் தையல் போட்டுப் பூட்டிவிடுங்கள். பின்னாளில் நூல் எங்காவது அறுந்தாலும் அந்த நாலரை இன்ச் மட்டும் பிரியும், மற்றது நிற்கும். ஒரு இன்ச் அகல எலாஸ்டிக் என்றால் ஒரு வரிசை போதாது, மேலே ஒன்று கீழே ஒன்று வேண்டும்.

முடிந்ததும் வளையத்தை இரண்டு கையாலும் 36 இன்ச் வரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். காதை வைத்துக் கேட்கலாம். எங்காவது "டிக்" என்றால் அந்த இடத்தில் தையல் இறுக்கமாகப் போட்டிருக்கிறீர்கள்.

இந்த எலாஸ்டிக் செத்தால்? நூற்றுக்கும் மேற்பட்ட குத்தைப் பிளேடால் பிரித்து, துணியில் ஓட்டை விழாமல் எடுத்து, மறுபடி முதலிலிருந்து. பழைய துணி என்றால் அந்தப் பிரிப்பிலேயே கிழியும். அதனால் அடிக்கடி துவைக்காத பொருளுக்கோ, எலாஸ்டிக் போனால் உடுப்பே போகட்டும் என்று விடக்கூடியதற்கோ மட்டும் இதை வைத்துக்கொள்வது நல்லது.

மீன்முள் கூண்டு

தையல் வகுப்பில் ஹெரிங்போன், அதாவது மீன்முள், என்று ஒரு தையலைச் சொல்லித் தந்து, சாம்பிள் நோட்டில் ஒட்டச் சொல்வார்கள். அதோடு அதை மறந்துவிடுவோம். கையால் எலாஸ்டிக் வைப்பதற்கு அதைப்போல் உதவுவது வேறொன்றில்லை. எலாஸ்டிக்கைக் குத்தாமல், அதன்மேல் நூலாலேயே குறுக்கும் நெடுக்குமாக வேலி கட்டுவது. துணி மடிப்பு கிடையாது. எலாஸ்டிக் உள்ளே வழுக்கிக்கொண்டு ஓடும். வேண்டும்போது உருவலாம், மாற்றலாம். மேலே சொன்ன இரண்டு முறைகளின் நல்லதும் இதில் சேர்ந்துவிடுகிறது. இதற்குக் கொடுக்கும் விலை நேரம் மட்டும்தான்.

முதலில் மேல் ஓரத்தைக் கால் இன்சுக்குள் மடித்து முடித்துக்கொள்ளுங்கள். உள்பக்கம், ஓரத்திலிருந்து சற்றுக் கீழே, இரண்டு கோடு போடுங்கள். நடுவில் இடைவெளி எலாஸ்டிக்கின் அகலமும் ஒரு நூலும். அந்தக் கோடுகளுக்கு நடுவில் எலாஸ்டிக்கை வைக்காதீர்கள். அதே அகலத்தில் சாதாரணப் பருத்தி நாடாவைச் சுற்றிலும் வைத்து, இரண்டு வாலையும் மூன்று இன்ச் வெளியே விடுங்கள். உள்பாவாடைக்குக் கோர்க்கிற நாடாவே போதும். நாடா நீளாது, நெளியாது. துணி மட்டமாகவே இருக்கும், தைப்பதற்குப் போராட்டமே இல்லை.

தையல் இடமிருந்து வலமாகப் போகும், ஊசி முனை மட்டும் ஒவ்வொரு முறையும் இடது பக்கம் பார்க்கும். இந்தத் திருகல் பிடிபட ஐந்தாறு குத்து ஆகும். மேல் கோட்டில், நாடாவுக்கு வெளியே, துணியின் இரண்டு மூன்று இழையை வலமிருந்து இடமாக எடுங்கள். நூலைச் சாய்வாக நாடாவைத் தாண்டிக் கீழே கொண்டுவந்து, கீழ்க் கோட்டில் அதேபோல் வலமிருந்து இடமாக இரண்டு மூன்று இழை. மறுபடி மேலே. ஒவ்வொரு குத்துக்குப் பிறகும் நூல் முந்தின நூலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால் பெருக்கல் குறி வரிசையாக விழும். ஒரே கோட்டில் ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் மூன்று நூல் இடைவெளி. அரை இன்சைத் தாண்டினால் எலாஸ்டிக் இடையில் பிதுங்கும். ரொம்ப நெருக்கினால் நேரம்தான் வீண்.

நூலை இறுக்காதீர்கள். ஒவ்வொரு குறுக்கு நூலுக்கு அடியிலும் ஊசியின் முனை தாராளமாக நுழைய வேண்டும். குத்து நாடாவில் பட்டுவிடாமல் பார்ப்பதும் முக்கியம். ஒரு குத்து நாடாவைப் பிடித்தாலும் பிறகு உருவும்போது அங்கே நின்றுவிடும். அதனால் ஆறேழு இன்ச் தைத்ததும் நாடாவின் வாலைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள்.

40 இன்ச் துணிக்கு மேல் கோட்டில் நூறுக்குக் கொஞ்சம் மேல், கீழ்க் கோட்டிலும் அதே அளவு குத்து வரும். நூல் எட்டு, ஒன்பது முழம் பிடிக்கும். ஒரு முழ நூலாக எடுப்பதால் அத்தனை முறை இணைக்க வேண்டும். முடிச்சைத் துணியில் போடுங்கள், குறுக்கு நூலில் போட்டால் எலாஸ்டிக் போகும் வழியில் முட்டும்.

சுற்று முடிந்ததும் நாடாவின் ஒரு வாலில் எலாஸ்டிக்கின் முனையை வைத்து, விளிம்புகளைத் தட்டையாக நாலு தையலில் இணையுங்கள். மறு வாலைப் பிடித்து இழுத்தால் நாடா வெளியேற, எலாஸ்டிக் அதன் பின்னால் கூண்டுக்குள் வந்துவிடும். ஊக்கு தேவையில்லை. 20 இன்ச் எலாஸ்டிக் 40 இன்ச் துணிக்குள் போவதால் வழியிலேயே துணி சுருங்கிக்கொண்டு வரும். வால் உள்ளே போகாமல் குண்டூசி வைத்துக்கொள்ளுங்கள். முனைகளை இணைத்து உள்ளே தள்ளியதும் வேலை முடிந்தது.

வெளிப்பக்கம் ஊசிமுனை அளவில் புள்ளிகள் தெரியும். துணி நிறத்திலேயே நூல் எடுத்தால் சுருக்கத்துக்குள் மறைந்துவிடும். ஒரு குறை உண்டு. எலாஸ்டிக் நேராக உடம்பில் படும். பெரியவர்கள் உள்பாவாடை மேல் கட்டும் பாவாடைக்குப் பரவாயில்லை, கைக்குழந்தைக்கு ஆகாது. விரலில் மோதிரமோ காலில் மெட்டியோ மாட்டி ஒரு நூல் அறுந்தால் கவனிக்காமல் விடக்கூடாது.

எலாஸ்டிக் நூல்

மெல்லிய துணியில் தேன்கூடு மாதிரி வரிவரியாகச் சுருங்கும் ஃபிராக் மார்பு, கைப்பட்டி இதெல்லாம் இந்த வகை. நூல்கண்டாகவே கிடைக்கும். கண் பெரிதான எம்பிராய்டரி ஊசியில் கோர்த்து, துணியை மட்டமாக வைத்து, கால் இன்ச் ஓட்டுத் தையல். வரிசைக்கு வரிசை மூன்று நூல் இடைவெளி. தைக்கும்போதே இழுத்தால் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு நீளமாகிவிடும். எல்லா வரியையும் தளர்வாக ஓட்டி முடித்து, கடைசியில் வால்களை ஒன்றாகப் பிடித்து வேண்டிய அளவுக்கு இழுத்து முடி போடுங்கள். எலாஸ்டிக் நூலில் முடிச்சு வழுக்கும். மூன்று முடி போட்டு, வாலைத் திருப்பி மடக்கிச் சாதா நூலால் கட்டித் தைக்க வேண்டும்.

ஐந்து வரிக்குக் குறைந்தால் பிடிப்பே இருக்காது. வாயில் துணி, மல் துணி தவிர வேறு துணியில் இதைச் செய்யாதீர்கள். பாப்ளின் இந்த நூலுக்கு அவ்வளவாகச் சுருங்காது. ஆயுளும் நான்கில் இதற்குத்தான் குறைவு. ஒரு வரி அறுந்தால் மற்றவை தாங்கும் என்பது மட்டும் ஆறுதல்.

எந்த உடுப்புக்கு எது

சிறுமியின் தினசரிப் பாவாடைக்குக் கூண்டு. நேரமில்லை என்றால் பட்டி. எட்டு மாதம் வெயில், நாலு மாதம் மழை என்று இரண்டிலும் துவைத்துப் போடும் உடுப்புக்கு நேராகத் தைக்கும் முறை வேண்டாம்.

கைக்குழந்தை ஜட்டிக்குப் பட்டிதான், ஆனால் அதே துணியை மடித்தால் தடிக்கும். மல் துணியைக் குறுக்கு வெட்டில் ஒரு இன்ச் அகலத்துக்கு வெட்டி, அதை உள்பக்கம் வைத்துத் தைத்துப் பட்டியாக்குங்கள். எலாஸ்டிக் கால் இன்ச். தொடையின் சுற்றளவை அளந்து, அதோடு முனை ஏற்ற அரை இன்ச் சேர்த்து வெட்டினால் போதும், குறைக்க வேண்டியதில்லை. தைத்ததும் இரண்டு விரல் தாராளமாக நுழையாவிட்டால் மாற்றுங்கள். எண்ணெய் தேய்த்த அன்று பழைய ஜட்டியைப் போடுவது எலாஸ்டிக்குக் கொஞ்சம் ஆயுள் சேர்க்கும்.

கடையில் வாங்கிய நைட்டியின் கை தொளதொளவென்று இருந்தால் புதிதாக ஒன்றும் தைக்க வேண்டாம். கையின் கீழ் ஓரத்தில் ஏற்கெனவே மடிப்பு இருக்கும். மூட்டு அருகே ஒரு இன்ச் மட்டும் பிரித்து, மடிப்பின் அகலத்துக்கு ஏற்ற எலாஸ்டிக்கைக் கோர்த்து, வாயை மூடிவிட்டால் பத்து நிமிட வேலை.

பழைய கூறைப் புடவையிலோ திருபுவனம் பட்டிலோ பேத்திக்குப் பாவாடை தைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பட்டில் ஊசி குத்திய ஓட்டை மூடிக்கொள்ளாது, ஜரிகையில் குத்தினால் ஜரிகை இழை பிரிந்து நிற்கும். கூண்டும் வேண்டாம், இழுத்து நேராகத் தைப்பதும் வேண்டாம். இடுப்பில் வெள்ளை மல்லிலோ லைனிங் துணியிலோ தனியாக இரண்டு இன்ச் பட்டி வைத்து, அதற்குள் எலாஸ்டிக்கை ஓட்டுங்கள். பட்டில் விழுவது பட்டியை இணைக்கும் ஒரு வரிசைத் தையல் மட்டுமாக இருக்கட்டும். சுருக்கமும் குறைவாக, இடுப்பைப்போல் ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் போனால் பட்டு விறைத்துக்கொண்டு குடை மாதிரி நிற்கும்.

மெத்தை விரிப்பின் நான்கு மூலை, மிக்சி உறை, தையல் மிஷின் உறை போன்றவைதான் நேராகத் தைக்கும் முறைக்குச் சரியான இடம். மாதக்கணக்கில் துவைக்க மாட்டோம், உடம்பில் படாது. விரிப்பின் ஒவ்வொரு மூலையிலும் பத்து இன்ச் துணிக்கு ஆறு இன்ச் எலாஸ்டிக் கணக்கு.

பட்டியோ கூண்டோ வைத்த உடுப்பில் எலாஸ்டிக் தளர்ந்ததும் முழுவதையும் உருவி வெளியே போட்டுவிடாதீர்கள். பட்டியானால் நான்கு குறுக்குத் தையலையும் வாயையும் பிரித்துக்கொள்ளுங்கள். பழையதின் இணைப்பை வெட்டி, ஒரு முனையில் புதியதைத் தட்டையாக நாலு தையலில் பிடித்து, மறு முனையை இழுங்கள். பழையது வழிகாட்டிக்கொண்டே வெளியே வரும். புதியது அதன் இடத்தில் உட்காரும். வெட்டிய நீளத்தைப் பட்டியின் உள்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருந்தால், பிள்ளையைக் கூப்பிட்டு இடுப்பு அளக்காமலே அடுத்த எலாஸ்டிக்கை அதைவிட ஒரு இன்ச் கூட்டி வெட்டிவிடலாம், பிள்ளை வளர்ந்திருக்குமே.